அமானிதமாக வந்த வகுப்பறை

நம் இல்லங்களில் ஒருவரைப் பற்றி விசாரிக்கும்போது, "அவர் வெளிநாட்டில் இருக்கிறார்" என்ற விடை கிடைத்துவிட்டால் அத்தோடு விசாரணை நின்றுவிடுகிறது. எந்த நாடு, மாதம் எவ்வளவு, எப்போது விடுமுறை என்னும் மூன்று வினாக்களே மிஞ்சுகின்றன. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களும் இவற்றையே கேட்கின்றனர். பள்ளிவாசல் கட்டட நிதிக்குப் பட்டியல் எழுதுகிறவர்களும் இவற்றையே கேட்கின்றனர். அவர் அங்கே என்ன வேலை செய்கிறார், அதை எவ்வாறு செய்கிறார் என்பது நான்காவது வினாவாகக்கூட எழுவதில்லை.

பல தொழில்களுக்கு இந்த மௌனத்தால் பெரும் கேடு விளைவதில்லை. கொத்தனார் எழுப்பிய சுவர் கோணலாயின் மாலைக்குள் மேஸ்திரியின் கண்ணில் பட்டுவிடும். ஓட்டுநர் கவனம் தவறினால் அக்கணமே ஊர் அறியும். ஆசிரியர் பணி அத்தகையதன்று. அவர் இன்று நடத்திய பாடம் கோணலா நேரா என்பது தெரியப் பத்து ஆண்டுகள் ஆகும். அப்போது அவர் அந்நாட்டில் இருக்கமாட்டார். எனவேதான் இந்த வினா எழுகிறது: ஓராண்டோ ஈராண்டோ ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, தம் ஊரைச் சேராத, தம் மொழியைப் பேசாத, ஒப்பந்தம் முடிந்தபின் மீண்டும் காணப்போகாத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் செல்கிறவர், அப்பிள்ளைகளுக்கு எவ்வளவு கடன்பட்டவர்? வாங்கும் சம்பளத்தின் அளவுக்குத்தானா?

நான் பிறந்த ஆனைக்குட்டம், விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடைப்பட்ட சிற்றூர். அர்ஜுனா நதியின் குறுக்கே அணை கட்டப்பட்ட ஊர் என்று சொன்னால் வைகையையோ மேட்டூரையோ எண்ணிக்கொள்ள வேண்டாம். நதியில் தண்ணீர் ஓடும் நாட்களைவிட மணல் கிடக்கும் நாட்களே மிகுதி. வானம் பார்த்த கரிசல் பூமி. மழை தவறினால் கையூன்றிக்கொள்ள இருப்பவை தீப்பெட்டி ஆபீசும் வெடி ஆபீசும் அச்சகமும்தாம். தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றே அழைப்பது எங்கள் வட்டார வழக்கு. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அந்தப் பயணத்திலிருந்தே இத்தொழில்கள் இங்கே கிளைத்தன. கற்றுக்கொள்வதற்காக வெளியூர் சென்றவர்களால் வளர்ந்த வட்டாரம் இது. கற்றுக்கொடுப்பதற்காக வெளியே செல்லும் வழக்கம் அதற்கு ஒரு தலைமுறை பிந்தியது.

அந்தப் பிந்திய வழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1941-இல் இத்தாலியரின் பிடியிலிருந்து எத்தியோப்பியா விடுபட்டபின், அரசர் ஹெய்லி செலாசி தம் பள்ளிகளை மீண்டும் திறக்க இந்திய ஆசிரியர்களை வரவழைத்தார். நபித்தோழர்கள் அடைக்கலம் புகுந்த அபிசீனியா என்று நம் வீட்டுக் குழந்தைகள் கேட்டறிந்த அதே நாடுதான். 1976-இல் நைஜீரியா தொடக்கக் கல்வியை எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவாக்கியபோதும் நம் நாட்டிலிருந்து ஆசிரியர்கள் சென்றனர். அவற்றையெல்லாம்விட நமக்கு அருகிலுள்ளது மாலத்தீவு. தூத்துக்குடித் தோணிகள் அரிசியும் வெங்காயமும் ஏற்றிச்செல்லும் நாடு. நம் சமையலுக்கு மாசிக் கருவாடு தந்த நாடு. 1960-களின் தொடக்கத்தில் மாலே நகரத்துப் பள்ளிகளில் ஆங்கிலம் பயிற்றுமொழியாயிற்று. அன்று முதல் முதலில் இலங்கையிலிருந்தும் பின்னர் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் ஆசிரியர்கள் சென்றவண்ணம் உள்ளனர். நானும் அவ்வாறு சென்று, தலைநகருக்கு வெகுதூரத்திலுள்ள ஒரு தீவில் சில ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தியவன். ஆகையால் இனிச் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்நாட்டைப் பற்றியதாகவே இருக்கும்.

ஆயிரத்து இருநூறு அளவிலான தீவுகளில் ஏறத்தாழ இருநூற்றில் மட்டுமே மக்கள் குடியிருக்கின்றனர். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தே கடந்துவிடக்கூடிய தீவுகள் பல. பவளக்கல் சுவர், மணல் தெரு, தெருவோரத்தில் கயிற்றால் பின்னிய 'ஜோலி' என்னும் இருக்கை. மாலையில் அதில் சாய்ந்திருக்கும் தாய்மார்கள், நடந்து போகும் வெளிநாட்டு ஆசிரியரைப் பார்த்துப் பிள்ளையின் படிப்பைப் பற்றி இரண்டு சொல் கேட்பார்கள். ஆசிரியர் யாரிடமிருந்தும் மறைந்து வாழ முடியாது. எந்த வீட்டில் என்ன சாப்பிட்டார் என்பது இரவுக்குள் தீவு முழுவதும் தெரிந்துவிடும். கரிசலில் கம்பும் வத்தல் குழம்புமாக வளர்ந்தவருக்கு, நாள்தோறும் சோறும் 'கருதியா' என்னும் மீன் சாறும் பழகச் சில மாதங்கள் பிடிக்கும். வெள்ளியும் சனியும் விடுமுறை. மற்ற நாட்களில் காலை வகுப்பு, மாலையில் நோட்டுத் திருத்தல், இரவில் கடலோசை.

இந்த எளிய வாழ்க்கைக்குள்தான் அந்த வினா ஒளிந்திருக்கிறது.

முதலில் மொழியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் ஆசிரியரின் தாய்மொழியுமன்று, மாணவரின் தாய்மொழியுமன்று. இரண்டு அயலார் மூன்றாவது ஒருவர் வீட்டில் சந்திப்பது போன்ற நிலை அது. வந்தவர் அந்த வீட்டை முன்பே சற்றுப் பார்த்தவர். பிள்ளை இப்போதுதான் வாசலில் நிற்கிறது. ஆகவே அதன் கையைப் பிடித்து அழைத்துப்போக வேண்டுமானால், அது எந்த வீட்டிலிருந்து வருகிறது என்பதை வந்தவர் அறிந்திருக்க வேண்டும்.

அவர்களுடைய திவேஹி மொழி சிங்களத்துக்கு உறவு. எழுத்தோ 'தானா', வலமிருந்து இடமாக எழுதப்படுவது. அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களின் வடிவிலிருந்து பிறந்தவை. அடுத்தவை உள்நாட்டுப் பழைய எண்களிலிருந்து பிறந்தவை. எண்களை எழுத்தாக்கிக்கொண்ட மக்களை வேறெங்கும் நான் கண்டதில்லை. அங்கே ஒரு பிள்ளையின் திவேஹி நோட்டு வலப்புறத்திலிருந்து திறக்கும். ஆங்கில நோட்டு இடப்புறத்திலிருந்து திறக்கும். முதல் வகுப்பில் சில குழந்தைகள் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப்போட்டு எழுதினால், மந்தபுத்தி என்று முடிவு கட்டுகிற ஆசிரியரும் உண்டு. அரபுத்தமிழில் கடிதம் எழுதிய மூதாட்டியரைக் கண்டு வளர்ந்த நம்மவர்க்காவது, வலமும் இடமும் ஒரே கைக்குள் மோதும்போது என்ன நேரும் என்பது புரிய வேண்டும்.

ஒலியிலும் இவ்வாறே. நம் ஊர்ப் பிள்ளைகள் 'ஃபேன்' என்பதைப் 'பேன்' என்று சொல்லிப் பழகியவர்கள். 'ஃப' என்ற ஒலியை வரவழைக்க நாம் படாத பாடு படுகிறோம். திவேஹியிலோ பழைய பகரமெல்லாம் 'ஃப' ஆகிவிட்டது. தண்ணீருக்கு அவர்கள் 'ஃபென்' என்பார்கள். எனவே நம் ஊரில் ஒரு மாதம் பிடிக்கும் ஒலிப்பயிற்சி அங்கே ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இதை அறியாதவர், ஊரிலிருந்து கொண்டுவந்த குறிப்பேட்டைப் பார்த்து அங்கும் அதே ஒரு மாதத்தைச் செலவிடுவார். சம்பளம் இருவருக்கும் ஒன்றே.

பாடநூலில் ஆறு வரும், மலை வரும், பனி வரும். மாலத்தீவில் ஆறே இல்லை. நிலத்தின் மிக உயர்ந்த இடமே மூன்று மீட்டரை எட்டாது. 'ஆறு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அகராதிப் பொருளைக் கீழே எழுதிவிட்டால் பாடம் முடிந்ததாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால், "அதில் ஏற்றவற்றம் உண்டா? தண்ணீர் எப்போது திரும்பி வரும்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். கடலை மட்டுமே அறிந்த பிள்ளைக்கு, தண்ணீர் ஒரே திசையில் போய்க்கொண்டே இருக்கும் என்பது நம்ப முடியாத செய்தி. அர்ஜுனா நதியில் மணலையே அதிகம் பார்த்து வளர்ந்த என்போன்றவனுக்கும் அதை விளக்குவது எளிதன்று என்பதை இடையில் சொல்லிவைக்கிறேன். அந்தக் கேள்விக்கு நின்று விடை சொல்வதா, "தேர்வில் இது வராது" என்று கடந்து போவதா? ஒப்பந்தத் தாளில் இதற்கு விடை இல்லை. எத்தனை மணி நேரம் என்பது அதில் உண்டு. எத்தனை விடுப்பு என்பது உண்டு. விமானச் சீட்டு யார் பொறுப்பு என்பதும் உண்டு.

எங்கள் பக்கத்தில் தீப்பெட்டி வேலைக்குக் கூலி 'குரோஸ்' கணக்கில். 144 பெட்டி ஒரு குரோஸ். ஒட்டியது எத்தனை என்று எண்ணிவிடலாம். எண்ணிக்கைக்குக் கூலி, அத்தோடு வழக்கு முடிந்தது. கற்பித்தலையும் அவ்வாறு எண்ண முயல்கிறவர்கள்தாம் வெளிநாடு செல்லும் ஆசிரியரை முதலில் கெடுக்கிறார்கள். இத்தனை பாடவேளை, இத்தனை பக்கம், இத்தனை பேர் தேர்ச்சி. இந்தக் கணக்கு நிறைவேற ஓர் எளிய வழி இருக்கிறது. தேர்வுக்கு வரக்கூடிய பத்துக் கட்டுரைகளை ஆசிரியரே எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்லிவிடுவது. நம் நாட்டில் பலரும் தேர்ச்சி பெற்ற முறை இதுவே. ஆகையால் இதில் தவறு இருப்பதாகவே பலருக்குத் தோன்றுவதில்லை. இலண்டன், கேம்பிரிட்ஜ் தேர்வுகளிலும் ஓரளவுக்கு இது செல்லும். பெற்றோர் மகிழ்வர், ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படும்.

ஆனால் அந்தத் தீவுப் பிள்ளைக்கு ஆங்கிலம் எதற்குத் தேவைப்படுகிறது என்று எண்ணிப்பாருங்கள். அம்மக்கள் பெரிய நோய்க்குத் திருவனந்தபுரத்துக்கும் கொழும்புக்கும் சிகிச்சைக்காகப் போகிறவர்கள். திவேஹி அறியாத மருத்துவர் முன் தாயை உட்காரவைத்து, எந்த இடத்தில் வலி, எப்போது தொடங்கியது, குத்துகிறதா எரிகிறதா என்று சொல்ல வேண்டியவன் பள்ளியில் படித்த பதினைந்து வயது மகன். 'என் பொழுதுபோக்கு' என்ற தலைப்பில் அவன் உருப்போட்ட கட்டுரை அங்கே ஒரு சொல்லுக்கும் உதவாது.

எங்கள் வட்டாரத்தில் வெடி சுற்றுகிறவருக்கு அது எந்த ஊருக்குப் போகும் என்பது தெரியாது. தில்லியிலோ பாட்னாவிலோ ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை அதைக் கொளுத்தும். திரி குட்டையாகப் போனால் பிள்ளை விலகி ஓடுவதற்குள் வெடித்துவிடும். அதற்காக, "தில்லிப் பிள்ளைதானே" என்று சொல்லித் திரியைக் குறைத்து வைக்கிற தொழிலாளியை நான் பார்த்ததில்லை. காணாத பிள்ளைக்கு அவர் காட்டுகிற இந்த நேர்மையை, நாள்தோறும் முன்னால் உட்கார்ந்து முகத்தைப் பார்க்கிற பிள்ளைக்குப் பட்டம் பெற்றவர் காட்டாமலிருக்க என்ன நியாயம் உண்டு?

"இது என் ஊர் அன்று" என்பதே அந்த நியாயம். வெளிநாடு சென்ற ஆசிரியர்கள் கூடும் அறைகளில் இது பல உருவங்களில் கேட்கும். "இவர்கள் படித்து என்ன ஆகப்போகிறது?" "நாம் இரண்டு வருடம் ஓட்டினால் போதும்." "வீட்டுக் கடன் அடைந்தால் போய்விடுவேன்." சொல்கிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஊரில் தம் தெருப் பிள்ளைகளுக்காக இலவசமாக உழைத்தவர்கள்கூட அவர்களில் இருப்பார்கள். கடமை என்பது ஊர் எல்லையோடு நின்றுவிடும் என்ற எண்ணம் நம் இரத்தத்தில் ஊறியது. உறவு, ஜமாஅத், ஊர் என்று வட்டம் போட்டே நாம் நன்மையை நினைத்துப் பழகிவிட்டோம். வட்டத்துக்கு வெளியே சென்றதும், அங்கே சம்பாதிப்பது மட்டுமே கடமை என்றாகிவிடுகிறது.

பழங்காலத்தில் அதே நாட்டுக்கு வேலைக்குச் சென்ற இருவரை நினைத்துப் பார்க்கிறேன். ஒருவர் இப்னு பதூதா. 1343 வாக்கில் மாலே சென்ற அவர், கற்றவர் என்ற மதிப்பினால் காஜியாக அமர்த்தப்பட்டார். பெரிய குடும்பங்களில் மணவுறவும் கொண்டார். சட்டத்தில் வல்லவர், ஆனால் அம்மக்களின் பழக்கவழக்கங்களை ஒரே ஆணையில் மாற்றிவிட முனைந்தார். பெண்களின் உடை பற்றித் தாம் இட்ட கட்டளை நிறைவேறவில்லை என்பதை அவரே தம் பயண நூலில் எழுதிவைத்திருக்கிறார். ஓராண்டு அளவில் ஆட்சியாளரோடு மனக்கசப்பு ஏற்பட்டுக் கப்பலேறிவிட்டார். இலங்கைக்கும் பின்னர் நம் மதுரைக்கும் வந்தது அதன் பிறகுதான். மற்றவர் அபுல் பரகாத் யூசுப். அவரை மக்ரிப் நாட்டவர் என்பார் சிலர், தப்ரீஸ் நகரத்தவர் என்பார் சிலர். 1153-இல் அம்மக்கள் இஸ்லாத்தைத் தழுவியது இவர் வழியாக என்பது அவர்களுடைய மரபு. ஒரு மூதாட்டியின் வீட்டில் விருந்தினராகத் தங்கியிருந்தவர் என்றே அந்த மரபு அவரைக் காட்டுகிறது. மாலேயின் பழைய ஜும்ஆப் பள்ளிவாசலுக்கு எதிரே அவரது அடக்கத்தலம் இருக்கிறது. இருவரும் அயலார், இருவரும் கற்றவர்கள். ஒருவர் அலுவலகத்தின் வழியாக அந்நாட்டுக்குள் நுழைந்தார், மற்றவர் ஒரு வீட்டின் வழியாக நுழைந்தார். வெளிநாட்டு ஆசிரியருக்கு இந்த இரண்டு வாசல்களும் இன்றும் திறந்தே இருக்கின்றன.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். ஆங்கிலம் கற்பிப்பதே அம்மக்களின் மொழிக்குச் செய்யும் தீங்கு ஆகாதா என்பது அது. அலட்சியப்படுத்தத் தக்க மறுப்பன்று. 1976-இல் டெலக்ஸ் இயந்திரங்களின் வசதிக்காக மாலத்தீவு அரசு தானா எழுத்தை ஒதுக்கி, இலத்தீன் எழுத்தில் திவேஹியை எழுதும் முறையைக் கொண்டுவந்தது. 1978-இல் மௌமூன் அப்துல் கையூம் குடியரசுத் தலைவரானபின் தானா மீண்டது. அவர் தலைவராவதற்கு முன் 1969 முதல் 1971 வரை நைஜீரியாவில் கல்லூரி விரிவுரையாளராக இருந்தவர். பிறகு மாலேயின் அமீனிய்யாப் பள்ளியில் கற்பித்தவர். அயல்நாட்டு வகுப்பறையின் அனுபவமுள்ள ஒருவர் காலத்தில் அந்நாட்டின் எழுத்து மீண்டது எனக்கு நிறைவு தருகிறது. ஆங்கிலம் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்நாட்டவர் முடிவு செய்துகொள்வர். கூலிக்குச் சென்றவர் அதில் தலையிட இடமில்லை. ஆனால் ஆங்கிலம் கற்பிக்கும்போது பிள்ளையின் மொழியைத் தாழ்வாக நினைக்க வைக்காமலிருப்பது முழுக்க முழுக்க அவர் கையில் இருக்கிறது. பவளத் தீவுக் கூட்டத்துக்கு ஆங்கிலேயர் வழங்கும் 'அட்டோல்' என்ற சொல் திவேஹியிலிருந்து சென்றது. 'கட்டமரான்' நம் கட்டுமரம். இவ்விரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டினால் போதும், வகுப்பு நிமிர்ந்து உட்காரும். "நம் தோணி?" என்று கேட்பார்கள், அவர்களும் தோணி என்றே சொல்கிறவர்கள்.

இனி வீட்டுப் பக்கம் வருகிறேன். வெளிநாட்டு ஆசிரியர் தம் பணியில் தேய்ந்துபோவதற்கு அவரை அனுப்பிய குடும்பமும் ஒரு காரணம் என்றால் பலருக்குக் கசக்கும். ஆயினும் அது உண்மை. புறப்படும்போதே சிலர் இல்லாத அனுபவத்துக்குச் சான்றிதழ் வாங்கிக்கொடுத்து அனுப்புகிறார்கள். பொய்யில் தொடங்கிய பயணம் நேர்வழியில் திரும்புவது கடினம். தரகருக்குக் கொடுத்த பணத்தை முதல் ஆண்டிலேயே மீட்கச் சொல்கிறார்கள். அன்று வரைவோலை, இன்று கைப்பேசியில் நொடியில் வந்து சேரும் பணம். அது இரண்டு நாள் தாமதித்தால் வரும் அழைப்புகளுக்குக் கணக்கில்லை. மாலையில் தனிவகுப்பு எடுத்தால் கூடுதலாகக் கிடைக்குமே என்ற யோசனையும் பெரும்பாலும் இங்கிருந்துதான் போகிறது. அதனால் பகல் வகுப்பில் சொல்ல வேண்டியதை இரவு வகுப்புக்கு ஒதுக்கிவைக்கும் பழக்கம் வருகிறது. பகலில் சொல்லாததை இரவில் விற்பது களவுக்கு மிக அருகில் நிற்கும் செயல் என்பேன்.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. ஆயிரம் கல்லுக்கு அப்பால் பிறர் பிள்ளைக்கு இலக்கணம் திருத்துகிறவரின் சொந்த மகன், இங்கே ஆங்கிலத்தில் தவறிவிட்டான் என்று செய்தி வரும். "அத்தா ஊருக்கெல்லாம் இங்கிலீஷ் வாத்தியார்" என்று தெருப் பிள்ளைகள் கேலி பேசுவார்கள். பெண்களும் இப்போது ஆசிரியைகளாகச் செல்கிறார்கள். பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கின்றன. முகம் பார்த்துப் பேச வசதி வந்துவிட்டது என்பார்கள். முகம் தெரியும், நோட்டின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுத முடியாது. பிள்ளை பத்தாம் வகுப்பை நெருங்கும் ஆண்டில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, அதே பிள்ளையின் கல்லூரிச் செலவுக்காகத்தான் என்று காரணம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வறுமை துரத்துகிற வீட்டுக்கு இது பொருந்தாது; இரண்டாவது மனைக்கட்டுக்காகப் புதுப்பிக்கிறவர்களைப் பற்றியே சொல்கிறேன்.

அப்படியானால் சொந்த ஊருக்குச் செய்ய வேண்டிய கடன் என்ன ஆவது என்று கேட்கலாம். ஆழமான கேள்வி, அதிலும் எங்கள் வட்டாரத்தில் ஆழமானது. 1903-இல் விருதுநகரில் பிறந்த காமராசர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்த காலத்தில் சிற்றூர்களில் பள்ளிகளைத் திறந்தார். 1956-இல் மதிய உணவைக் கொண்டுவந்தார். அந்தப் பள்ளிகளில் கட்டணமில்லாமல் படித்த தலைமுறையின் பிள்ளைகளே இன்று பட்டம் பெற்றுக் கப்பலும் விமானமும் ஏறுகிறோம். அதே வேளையில் எங்கள் தெருக்களில் எத்தனையோ குழந்தைகள் பள்ளிக்கூடம் பார்க்காமல் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் விடியுமுன் ஏறிப்போனார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், சிவகாசி வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நாம் பள்ளிக்குப் போன பாதையும் அவர்கள் வேலைக்குப் போன பாதையும் ஒரே தெருவில்தான் தொடங்கின. அப்படியிருக்க, கற்ற கல்வியைக் கடல் கடந்து விற்பது நன்றிகேடு என்று சொல்கிறவர்களிடம் நியாயம் இல்லாமலில்லை.

ஆயினும் நான் வேறு விதமாக எண்ணுகிறேன். கல்விக் கடனைப் பணமாகத் திருப்பித்தர முடியாது. கற்கிற ஒருவருக்குக் கற்பித்துத்தான் தீர்க்க முடியும். அந்த ஒருவர் நமக்குக் கற்பித்த ஊரிலேயே பிறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவரும் வேறொரு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்தாம். கரிசல் வெயிலைச் சபித்துக்கொண்டே வந்தவர், பாடத்தில் ஒரு நாளும் குறை வைக்கவில்லை. ஆகவே தீவுப் பிள்ளைக்கு முழுமையாகக் கற்பிக்கிறவர் ஆனைக்குட்டத்துக்குப் பட்ட கடனின் ஒரு பங்கை அங்கேயே தீர்க்கிறார். அங்கே அரைகுறையாகப் பொழுதைக் கழித்துவிட்டு, இங்கே பள்ளிவாசலுக்கு மினாராவும் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவரும் கட்டிக்கொடுக்கிறவர் எதையும் தீர்க்கவில்லை. ஓரிடத்து அமானிதத்தை எடுத்து வேறிடத்தில் நன்கொடை கொடுத்தவர் அவர். இந்தக் கருத்தை ஊரில் சொன்னபோது எனக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை.

திரும்பி வந்தபின் சொந்த ஊருக்குச் செய்ய இடமில்லாமல் போவதுமில்லை. தீவுகளில் பழகிய முறை ஒன்று இங்கே நன்றாகப் பயன்படுவதைக் கண்டேன். எங்கள் பக்கத்துச் சிறுவர்கள் சிலர் மாலையில் ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். பெற்றோரில் பலர் அச்சகத்திலும் வெடி ஆபீசிலும் வேலை செய்கிறவர்கள். ஆங்கிலச் சொல்லைச் சொல்லுமுன், அந்தப் பொருளுக்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள் என்று முதலில் கேட்பது அந்த முறை. தீவில் இதைத் தொடங்கியது அவர்கள் மொழி எனக்குத் தெரியாததால். இங்கே தொடர்வது அவர்கள் மொழி எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துவிடக் கூடாது என்பதால். கரம்பை, ஓடை, கம்மாய் என்று வரிசையாகச் சொன்னார்கள். கம்மாய்க்கு ஆங்கிலம் கேட்டபோது, நம் நாட்டுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் அதை 'டேங்க்' என்று எழுதிவைத்திருக்கிறார்கள் என்றேன். உடனே ஒரு சிறுமி நோட்டில் படம் வரைந்து காட்டினாள். நான்கு கால்கள், மேலே உருண்டைத் தொட்டி, பக்கத்தில் ஓர் ஏணி. இதற்குள் எப்படி மாடு குளிப்பாட்டுவது என்பது அவளுடைய கேள்வி. அன்றைய பாடம் அந்தக் கேள்வியோடு இருட்டும் வரை நீண்டது.